ஊரெல்லாம் ஆவி: பெப்பு பயணக் குறிப்புகள்

முதல் நாள்

ஜப்பானின் ஃபுகுவோகா நகரில் உள்ள ஹகாதா நிலையத்திலிருந்து வெந்நீர் ஊற்றுகளின் ஊரான பெப்புவுக்கு 'சோனிக்' விரைவு ரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். நடுவில் கொகுரா நிலையத்தில் ரயில் திசை மாறிப் புறப்படும். வண்டி அங்கே நின்றதும் பெட்டியில் இருந்த எல்லோரும் எழுந்து, அவரவர் இருக்கையைச் சுழற்றித் திருப்பிவிட்டு மறுபடி உட்கார்ந்து பேப்பர் படிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அக்கா ஒரு நிமிடம் முழித்தாள். அப்புறம் "நாம மட்டும் எதுக்குடி முதுகைக் காட்டிக்கிட்டுப் போகணும்?" என்று எங்கள் இருக்கையையும் திருப்பினாள்.

பெப்பு, கியூஷூ தீவின் கிழக்குக் கரையில் ஓய்தா மாகாணத்தில் இருக்கிறது. முன்னால் வளைகுடா, பின்னால் எரிமலை, நடுவில் சரிவாக இறங்கும் ஊர். 2,000-க்கும் மேற்பட்ட வெந்நீர் ஊற்றுகள். எண்ணிக்கையிலும் சரி, பொங்கி வரும் நீரின் அளவிலும் சரி, ஜப்பானில் இதுதான் முதலிடம். ஆனாலும் "பக்கத்திலேயே அழகான யுஃபுயின் இருக்கும்போது பெப்பு எதுக்கு? பழைய ஊராச்சே" என்று கேட்டவர்கள் உண்டு. பழைய ஊர்தான். கூட்டம் கூட்டமாகச் சுற்றுலா வந்த காலத்தில் கட்டிய காங்கிரீட் ஓட்டல்கள் கறுத்துப்போய் நிற்கின்றன. கடைவீதியில் பாதிக் கடைகளுக்கு ஷட்டர் இறங்கிவிட்டது. ஆனால் எங்களுக்கு வேண்டியது படம் எடுக்கிற ஊர் இல்லை. அக்காவுக்கு முழங்கால் வலி, வெந்நீர் வேண்டும். எனக்கு மலை வேண்டும். இரண்டும் ஒரே பஸ் வழியில் கிடைக்கிற இடம் இது.

ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் கை நனைக்க ஒரு வெந்நீர்த் தொட்டி, பக்கத்தில் ஒரு வெண்கலச் சிலை. வழுக்கைத் தலை மனிதர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, ஒரு காலை மடித்துக்கொண்டு துள்ளுகிறார். அவர் மேலங்கியைப் பிடித்து ஒரு குட்டிப் பூதம் தொங்குகிறது. அபுராயா குமாஹாச்சி, 1863-இல் பிறந்தவர். அரிசி வியாபாரச் சூதாட்டத்தில் சம்பாதித்து, அதிலேயே எல்லாவற்றையும் தொலைத்து, அமெரிக்கா போய்த் திரும்பி, கடைசியில் இங்கே ஒரு விடுதி தொடங்கினார். 'மலை என்றால் ஃபூஜி, கடல் என்றால் செத்தோ, வெந்நீர் என்றால் பெப்பு' என்று எழுதிய கம்பத்தை ஃபூஜி மலையிலேயே கொண்டுபோய் நட்டவர். 'குழந்தைகளை நேசித்த பளபள மாமா' என்று சிலையில் பொறித்திருக்கிறார்கள். பளபளப்பு வழுக்கைக்கு. இந்த அளவு குறும்பான சிலையை வேறு எந்த ரயில் நிலைய வாசலிலும் நான் பார்த்ததில்லை.

மாலையில் தாகெகவாரா குளியல் கூடம். 1879-இல் ஆரம்பித்தது, இப்போதுள்ள மரக் கட்டடம் 1938-ஆம் வருடத்தது. கோயில் கோபுரம் மாதிரி வளைந்த முகப்பு, உள்ளே உயரமான கூரை. இது உல்லாச விடுதி இல்லை, மாநகராட்சிக் குளியலறை. சாதாரணக் குளியலுக்கு 300 யென்.

இனி விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் போகிற எல்லாப் பெண்களும் மனதுக்குள் கேட்கிற கேள்வி இதுதான். ஆமாம், எதுவும் உடுத்தக் கூடாது. பெண்களுக்குத் தனி இடம், ஆண்களுக்குத் தனி இடம், ஆனால் உள்ளே எல்லோரும் பிறந்த மேனியாகத்தான். சின்னத் துண்டு ஒன்று கையில் வைத்துக்கொள்ளலாம், அதையும் தண்ணீரில் முக்கக் கூடாது. அக்கா வாசலிலேயே விலைப் பட்டியலை நிதானமாகப் பார்த்து, "மணல் குளியல்னு ஒண்ணு போட்டிருக்கே, அதுக்கு யுகாதா குடுக்கறாங்களாம்" என்றாள். பருத்தி அங்கியோடு படுத்துக்கொள்ளலாம் என்பதால் அதையே எடுத்தோம்.

ஊற்று நீரைப் பாய்ச்சிச் சூடாக்கிய கருமணல். அதில் ஆள் நீளத்துக்குப் பள்ளம் பறித்து, தலைக்கு ஒரு மரக்கட்டை வைத்துப் படுக்கச் சொல்கிறார்கள். மண்வெட்டியோடு நிற்கும் அம்மாள் கழுத்து வரை மணலை வாரிப் போடுகிறார். முதலில் பாரம்தான் தெரிகிறது, சூடு அப்புறம் ஏறுகிறது. விரல் நுனியில் நாடி துடிப்பது தெளிவாகத் தெரிந்தது. பத்து நிமிடம் கழித்து எழுப்பியபோது அக்கா, "கல்யாணத்துக்கு அப்புறம் இத்தனை நேரம் நான் அசையாமப் படுத்ததே இல்லை" என்றாள்.

எழுந்த பிறகுதான் உறைத்தது. உடம்பெல்லாம் மணல். அதைக் கழுவ வெந்நீர்த் தொட்டிக்குத்தான் போக வேண்டும், அங்கே யுகாதாவுக்கு வேலை இல்லை. உள்ளே இருந்த பாட்டிமார் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அக்கா அவர்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "சரி, போ" என்றாள். ஐந்து நிமிடத்தில் எங்களுக்கும் மறந்துபோய்விட்டது.

இரண்டாம் நாள்

காலை முதல் கன்னாவா. பெப்புவில் எட்டு வெந்நீர்ப் பேட்டைகள் இருக்கின்றன. அவற்றில் மேட்டுப்பக்கம் இருக்கும் இந்தப் பேட்டையில்தான் ஆவி அதிகம். சாக்கடை மூடியிலிருந்து ஆவி, வீட்டுக் கொல்லையில் நிற்கும் குழாயிலிருந்து ஆவி, பார்க்கிங் மூலையிலிருந்து ஆவி. லேசாகக் கந்தக வாசனை. கொஞ்ச நேரத்தில் மூக்கு பழகிவிடுகிறது.

'நரகங்கள்' பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். குளிக்க முடியாத அளவு கொதிக்கும் குளங்களுக்கு அந்தப் பெயர். ஏழு இருக்கின்றன, ஒரே டிக்கெட். 'கடல் நரகம்' நீலம், 98 டிகிரி. 'இரத்தக் குள நரகம்' இரும்புச் சத்துள்ள சேற்றால் செங்கல் நிறம். அந்தச் சேற்றில் செய்த தோல் களிம்பும் விற்கிறார்கள். நேரம் இல்லாதவர்கள் இந்த இரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம். ஒரு நரகத்தில் முதலைகளை வளர்க்கிறார்கள், 1923-இலிருந்து. வெந்நீர் இருக்கிறது என்பதற்காக முதலை எதற்கு என்று எனக்குப் பிடிபடவில்லை. வேறொன்றில் ஒருவர் சேற்றுக் குமிழி மேல் கொஞ்சம் புகையை ஊதினார். சட்டென்று சுற்றிலும் ஆவி திரண்டு பெருகியது. கூட்டம் கைதட்டியது. புகைத் துகள்களைப் பிடித்துக்கொண்டு கண்ணுக்குத் தெரியாத நீராவி துளிகளாகிறது, அவ்வளவுதான் சூட்சுமம். தெரிந்தும் நானும் கைதட்டினேன்.

இந்த நரகங்களைச் சுற்றிக்காட்டப் பெண் வழிகாட்டிகளோடு பஸ் விட்டவரும் அந்தப் பளபள மாமாதான், 1928-இல். ஜப்பானில் அதற்கு முன் அப்படி ஒரு வழக்கம் இல்லை. அந்தப் பெண்கள் ஊர்ப் பெருமையை ஏழு அசை, ஐந்து அசை என்று செய்யுளாகவே ஒப்பித்தார்களாம்.

இன்றைய நாளின் நாயகம் வேறு. அக்கா சுத்த சைவம். ஜப்பானில் சைவர்களின் கஷ்டம் போய் வந்தவர்களுக்குத் தெரியும். காய்கறி சூப் என்பார்கள், அடியில் மீன் தூளில் வடித்த 'தாஷி' இருக்கும். இந்தப் பயணம் முழுக்க அவள் வெறும் சோறும், பழமும், பையில் கொண்டுவந்த புளிக்காய்ச்சலுமாக ஓட்டிக்கொண்டிருந்தாள். கன்னாவாவில் அது தீர்ந்தது. இங்கே ஊற்று ஆவியில் நாமே சமைத்துக்கொள்ளும் பொதுச் சமையல்கூடம் ஒன்று இருக்கிறது. அடுப்பு வாடகை இருபது நிமிடக் கணக்கு. காய்கறியை அங்கேயே வாங்கலாம், வெளியிலிருந்தும் கொண்டுபோகலாம். நாங்கள் சர்க்கரைவள்ளி, பரங்கி, சோளம், கோஸ், காளான் எடுத்துக்கொண்டோம். எனக்கு மட்டும் முட்டை.

வரிசையாகக் கல் தொட்டிகள். மேலே கனமான மூடி. திருகினால் ஆவி உறுமிக்கொண்டு வருகிறது. தடித்த கையுறை தருகிறார்கள், அதைப் போடாமல் பக்கத்தில் போக விடுவதில்லை. தட்டை உள்ளே இறக்கி மூடியதும் அக்கா, "இது பெரிய இட்லிக் கொப்பரைதானேடி, நெருப்பு மட்டும் மலைக்கு அடியில இருக்கு" என்றாள். வள்ளிக்கிழங்குக்கு அரை மணி ஆயிற்று. தண்ணீரே சேர்க்காமல் வெந்த கிழங்கில் ஒரு துளி உப்புச் சுவை, அது ஆவியோடு வந்தது. பையிலிருந்து புளிக்காய்ச்சல் வெளியே வந்தது. பக்கத்து மேசைத் தம்பதி எட்டிப் பார்த்தார்கள். கொஞ்சம் கொடுத்தோம். அவர் முகம் சிவந்து, தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடி நீட்டினார்.

சுற்றுலாவுக்காக யாரோ கண்டுபிடித்த வித்தை இல்லை இது. கன்னாவாவின் பழைய விடுதிகள் பலவற்றில் முற்றத்திலேயே இந்த ஆவி அடுப்பு இருக்கிறது. ஒரு காலத்தில் விவசாயிகளும் மீனவர்களும் வேலை ஓய்ந்த பருவத்தில் அரிசி பருப்போடு வந்து, அறை மட்டும் எடுத்து, வாரக்கணக்கில் தங்கிச் சமைத்துச் சாப்பிட்டு, உடம்பைத் தேற்றிக்கொண்டு போனார்கள். இன்றும் சிலர் அப்படி வருகிறார்கள்.

பிற்பகல், ஆவிக் குளியல். 1276-இல் இப்பென் என்ற பௌத்தத் துறவி ஏற்படுத்தியதாகச் சொல்கிறார்கள். குனிந்து தவழ்ந்துதான் நுழைய வேண்டும், அவ்வளவு சின்னக் கதவு. உள்ளே இருட்டான கல் அறை. தரையில் சூடு, அதன் மேல் 'செகிஷோ' என்ற பச்சைப் புல்லைத் தடிமனாகப் பரப்பியிருக்கிறார்கள். இங்கே யுகாதா உண்டு, அக்கா நிம்மதியாகப் படுத்தாள். படுத்த வேகத்தில் எழுந்தாள்.

"ஏய், வசம்பு!"

நானும் மோந்து பார்த்தேன். வசம்பேதான். பிள்ளைக்கு வயிற்று வலி என்றால் அம்மா சுட்டு இழைத்துத் தடவுவாளே, அதே வாசனை. வெளியே வந்து போனில் தேடினால் செகிஷோவும் வசம்பும் ஒரே குடும்பம், ஒரே பேரினம், இனம்தான் வேறு. ஆற்றோரத்தில் வளர்வதை அறுத்து வந்து பரப்புகிறார்கள். பத்து நிமிடத்துக்கு மேல் இருக்க விடவில்லை, இருக்கவும் முடியாது. வியர்வை ஆறாக ஓடியது. அக்கா படியில் கைப்பிடி இல்லாமல் இறங்கினாள் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். ஆவியா, வசம்பா, இருபது வருடமாகக் கேட்காமல் இருந்த ஓய்வா, தெரியாது.

மூன்றாம் நாள்

என் நாள். சுருமி மலை, 1,375 மீட்டர். கடலோரத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தாலே தெரியும், ஊரின் முதுகுக்குப் பின்னால் நேராக எழுந்து நிற்கிறது. ஏப்ரலில் கடற்கரை மணலில் தொடங்கி உச்சி வரை ஒரே மூச்சாக 12 கிலோமீட்டர் ஏறும் விழா ஒன்று நடக்கிறது. இப்போது நவம்பர், அந்த வம்பு இல்லை. அக்கா ரோப் காரில் வருவாள், நான் பாதிச் சரிவில் இருக்கும் கோயிலிலிருந்து காட்டு வழியாக ஏறுவேன், உச்சியில் சந்திப்போம் என்று ஏற்பாடு.

அந்தக் கோயிலுக்கு ஹோனோ-ஹோனோமே என்று பெயர். இந்த மலையின் இரண்டு சிகரங்களை நெருப்பு ஆணாகவும் நெருப்புப் பெண்ணாகவும் வைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். சுகி என்ற உயரமான ஊசியிலை மரங்கள் தூண் தூணாக நிற்க, நடுவே பாசி படிந்த கல்படிகள். 867-இல் இந்த மலை வெடித்தது. பாறையும் சாம்பலும் பறந்து, சேறும் வெந்நீரும் ஆற்றில் கலந்து மீன்கள் செத்ததாக அரசவை வரலாற்று ஏட்டில் இருக்கிறது. மலையைச் சாந்தப்படுத்த இந்தத் தெய்வங்களுக்கு முன்னால் பௌத்த சூத்திரங்களை ஓத வைத்தார்கள். ஜப்பானின் பூர்வீக மதமான ஷிண்டோவின் தெய்வத்துக்குக் கோபம், அதைத் தணிக்கப் புத்தர் வாக்கு. யாருக்கும் அதில் முரண்பாடு தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

படிகள் முடிந்ததும் மண்பாதை. முதலில் சுகிக் காடு, இருட்டு, ஒரே மாதிரி. கொஞ்சம் ஏறியதும் இலையுதிர் மரங்கள் தொடங்குகின்றன, வெளிச்சமும் வருகிறது. மேப்பிள் சிவப்பு இந்த உயரத்தில் பாதி உதிர்ந்து காலடியில் கிடந்தது. பாதை வழுக்கல் இல்லை, செங்குத்துதான். எதிரே இறங்கி வந்தவர்கள் எல்லோரும் வணக்கம் சொன்னார்கள். ஊருக்குள் முன்பின் தெரியாதவரிடம் பேசாத ஜப்பானியர்கள் மலையில் மட்டும் பேசுகிறார்கள். இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆனது. கடைசிப் பகுதியில் மரங்கள் குட்டையாகிப் புதர்களாகிவிட்டன. மே கடைசியில் வந்தால் இந்தப் புதரெல்லாம் இளஞ்சிவப்பாகப் பூக்கும், நடுக்குளிரில் வந்தால் பனி உறைந்து வெள்ளைப் பவளம் ஆகும். நவம்பரில் வெறும் குச்சி.

உச்சியில் டி.வி. கோபுரங்கள். அழகு இல்லைதான். ஆனால் முதுகைக் கோபுரத்துக்குக் காட்டிக்கொண்டு நின்றால் பெப்பு வளைகுடா முழுதும் விரிகிறது. கீழே ஊரில் அங்கங்கே வெள்ளைக் கோடுகளாக ஆவி. வலப்பக்கம் குரங்குகளுக்குப் பெயர்போன தகாசாகி குன்று, அதற்கப்பால் ஓய்தாவின் தொழிற்சாலைகள், கடலுக்கு அக்கரையில் ஷிகோகு தீவு மங்கலாக. திரும்பினால் இரட்டைக் கொம்போடு யுஃபு மலை, 1,583 மீட்டர், கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் நிற்பது போல. இதற்கு ஒரு ஊர்க்கதை இருக்கிறது. சுருமி பெண். யுஃபு மலைக்கும் தெற்கே உள்ள சோபோ மலைக்கும் அவள் மேல் ஆசை. அவள் யுஃபுவைத் தேர்ந்தெடுத்தாள். தோற்ற சோபோ அழுத கண்ணீர்தான் பக்கத்தில் இருக்கும் ஷிதாகா ஏரி.

அக்கா ஏற்கெனவே வந்து, உச்சிப் பாதையில் நிறுத்தியிருக்கும் ஏழு அதிர்ஷ்ட தெய்வங்களில் பாதியைப் பார்த்து முடித்து, ஸ்வெட்டர் மேல் சால்வை, சால்வை மேல் என் மழைக்கோட்டு என்று உட்கார்ந்திருந்தாள். ஊரைவிடப் பத்து டிகிரியாவது குறைவு. அவளுக்குக் கதை சொன்னேன். "அந்த சோபோ இந்நேரம் ஆறிப்போயிருப்பான்" என்றாள்.

உட்கார்ந்து கிழங்கு தின்றுகொண்டே இன்னொன்றும் சொன்னேன், அது கதை இல்லை. பெப்புவின் வெந்நீர் பூமிக்குள் புதிதாகப் பிறப்பதில்லை. இந்த மலைகளில் பெய்கிற மழைதான் பாறை இடுக்கு வழியே ஆழத்துக்குப் போய், 250 டிகிரிக்கு மேல் சூடாகி, மெல்ல நகர்ந்து, கரைப்பக்கமாக மேலே வருகிறது. அந்தச் சுற்றுக்குச் சுமார் 50 வருடம் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். போகிற வழியில் எந்தப் பாறையைத் தொட்டது, ஆவி எவ்வளவு கலந்தது என்பதைப் பொறுத்து நீரின் குணம் மாறும். ஜப்பானில் வகைப்படுத்தியிருக்கும் பத்து வகை வெந்நீரில் ஏழு இந்த ஒரே ஊரில் கிடைப்பது அதனால்தான்.

"அப்போ நேத்து நான் முழுகினது, நான் பள்ளிக்கூடம் போன காலத்து மழையா?"

"ஆமாக்கா."

"நல்லா ஊறியிருக்கு."

இறங்கும்போது நானும் ரோப் காரில் ஏறிக்கொண்டேன். 101 பேர் நிற்கலாம், 1,816 மீட்டர் தூரத்தைப் பத்து நிமிடத்தில் இறக்கிவிடுகிறது. 1962-இலிருந்து ஓடுகிறது. ஏறின காட்டை மேலிருந்து பார்ப்பது கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது.

நான்காம் நாள்

மியோபான். கன்னாவாவுக்கும் மேலே, பஸ்ஸில் கொஞ்ச தூரம். முன்பு இங்கே படிகாரம் எடுத்தார்கள். இப்போது 'யு-நோ-ஹானா' என்ற குளியல் உப்பு. வைக்கோல் வேய்ந்த முக்கோணக் குடிசைகள் வரிசையாக நிற்கின்றன, வீடு என்று நினைத்தால் உள்ளே ஆள் இல்லை. தரையில் கல் பாவி, அதன் மேல் நீலக் களிமண் பரப்பி, அடியிலிருந்து எரிமலை ஆவியை விடுகிறார்கள். ஆவியும் களிமண்ணும் சேர்ந்து மேலே ஊசி ஊசியாகப் படிகம் வளர்கிறது, நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவு. மழை உள்ளே சொட்டினால் கரைந்துவிடும், ஈரம் வெளியேறாவிட்டாலும் கெட்டுவிடும். அதனால்தான் தகரமும் ஓடும் போடாமல் இன்றும் வைக்கோல். ஷோகன்கள் ஆண்ட எடோ காலத்து முறை. 2006-இல் அரசு இந்தக் கைத்தொழிலை முக்கிய நாட்டார் மரபாக அறிவித்திருக்கிறது. எனக்கு ஏழு நரகங்களையும் விட இந்த ஆளில்லாத குடிசைகள் பிடித்தன.

இங்கத்துத் தண்ணீர் அமிலம், கந்தகம், பால் நிறம். உலோக நகைகளைக் கழற்றச் சொல்லி வாசலில் படம் போட்டு மாட்டியிருந்தார்கள். வளையலைக் கழற்றிய அக்கா, மெட்டியைக் கழற்ற மாட்டேன் என்றுவிட்டாள். வெளியே வந்தபோது இரண்டு மெட்டியும் கருகருவென்று இருந்தன. டிக்கெட் கொடுத்த பெண் பதறிப்போய் வாயில் கை வைத்தாள். "விபூதி போட்டுத் தேய்ச்சா போயிடும்" என்று அக்கா அவளிடம் தமிழிலேயே சமாதானம் சொன்னாள்.

மாலையில் தங்கியிருக்கும் தெருவுக்கே திரும்பி, பேட்டைக் குளியலறை ஒன்று. பெப்புவில் இப்படி 100-க்கும் மேல் இருக்கின்றன. அக்கம்பக்கத்தார் சங்கமாகச் சேர்ந்து நடத்துவது, மாதச் சந்தா, முறை வைத்துச் சுத்தம் செய்வது. சிலவற்றில் உறுப்பினருக்கு மட்டும்தான் அனுமதி, சிலவற்றில் வெளியாட்களும் காசு போட்டுவிட்டு நுழையலாம். ஷவர் கிடையாது, சோப்பு கிடையாது, அலங்காரம் எதுவும் இல்லை. ஒரு சின்னத் தொட்டி, நாலைந்து பிளாஸ்டிக் வாளி. சிலர் வீட்டில் குளியலறையே கட்டவில்லையாம், எதற்கு என்கிறார்கள். தொட்டியிலிருந்து மொண்டு மேலே ஊற்றிக்கொண்டு, தேய்த்து, அப்புறம் இறங்க வேண்டும். நாங்கள் தயங்கியதைப் பார்த்து ஒரு பாட்டி தன் வாளியை அக்காவிடம் தள்ளினார். அக்கா தன் முழங்காலைத் தட்டிக் காட்டினாள். பாட்டி தன் முழங்காலைத் தட்டிக் காட்டினார். பிறகு இருவரும் இடுப்பு, தோள்பட்டை என்று வரிசையாகக் காட்டிக்கொண்டு போனார்கள். எனக்கு அந்த உரையாடலில் இடமே இல்லை.

அக்கா ஒரு முத்திரைப் புத்தகம் வாங்கியிருக்கிறாள். ஊரில் உள்ள 88 குளியல்களில் முத்திரை வாங்கி முடித்தால் 'வெந்நீர் நிபுணர்' பட்டமும், தங்க எழுத்துப் போட்ட கறுப்புத் துண்டும் கொடுப்பார்கள். இப்போது அவளிடம் இருக்கிற முத்திரைகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அடுத்த வருடம் ஒரு மாதம் வந்து அறை எடுத்துச் சமைத்துச் சாப்பிட்டால் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள், அத்தானுக்கு இன்னும் சொல்லவில்லை. நாளைக் காலை ஒன்பதரை மணி ரயில். தாகெகவாரா ஆறரைக்கே திறக்கிறது, போய் வரலாம். புளிக்காய்ச்சல் டப்பாவில் இப்போது யு-நோ-ஹானா உப்பு இருக்கிறது, விமான நிலையத்தில் யாராவது முகர்ந்து பார்க்காமல் இருக்க வேண்டும்.